தாழக்குடிக் கிளை

நாயகி: வாசல்லயே நின்னா எப்பிடி? செருப்பைக் கழத்திட்டு உள்ள வாங்க. ரயிலு என்ன, உங்கள விட்டுட்டா ஓடிரும்?

கர்னல்: ஓடும். அது பட்டாளத்து ரயில் இல்லே, எனக்காவ நிக்கதுக்கு.

நாயகி: சாயங்காலத்து ரயிலுக்கு மத்தியானமே பொறப்பட்டாச்சு. பெங்களூருக்குப் போறதுன்னா அம்புட்டு ஆசை!

கர்னல்: ஆசையா... போற வழியில உங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போலாம்னு...

நாயகி: சுசீந்திரத்துல இருந்து நாகர்கோயில் ஸ்டேஷனுக்குப் போறதுக்கு எங்க தாழக்குடி வழியா? பட்டாளத்துல மேப்பு பாக்கச் சொல்லித் தரல்லியோ?

கர்னல்: தந்தாவ, தந்தாவ. சிக்னல்ஸ்ல இருந்தவன் வழி தப்பிட்டான்னு வெளியில சொல்லிராதே.

நாயகி: கார் மேல என்ன அது, கறுப்பா?

கர்னல்: பெட்டி. என் பழைய பட்டாளத்துப் பெட்டி.

நாயகி: வெள்ளைப் பெயிண்ட்ல 'கர்னல் தாணுமாலயன்'னு கொட்டை எழுத்துல... ரிட்டையர் ஆயி இத்தன வருசம் ஆச்சு. பெட்டி இன்னும் யூனிஃபார்மைக் கழத்தல்லே பாருங்க.

கர்னல்: அது என் கூடப் பதான்கோட், லே, ஜோர்ஹாட்டு எல்லாம் சுத்தின பெட்டி. மாத்தல் வந்தா பழைய ஊர் பேரை அழிச்சிட்டுப் புது ஊர் பேரை எழுதிருவோம். அம்புட்டுத்தான் எங்க குடித்தனம்.

நாயகி: அப்பம் இப்பம் பெங்களூருன்னு எழுதியாச்சு.

கர்னல்: இல்லே... எழுதல்லே. பெயிண்ட் டப்பாவைத் தொறந்தா, உள்ள கட்டியாக் கெடக்கு.

நாயகி: ஒரு டப்பா பெயிண்ட் நாகர்கோயில்ல கிட்டாதோ?

கர்னல்: ...கிட்டும்.

ஜாஸ்பர்: சாரே, வண்டிய எங்க போட? தென்னை மூட்டுல நல்ல நெழலு கெடக்கு.

நாயகி: தென்னை மூட்டுல போடாதே ஜாஸ்பரு, தேங்கா விழுந்து கண்ணாடி போயிரும். வேப்ப மூட்டுல போட்டுட்டு நீயும் உள்ள வா. காப்பி இருக்கு.

ஜாஸ்பர்: கடியும் உண்டா அக்கா?

நாயகி: மட்டிப்பழம் இருக்கு. ரசவடை இருக்கு. வா.

கர்னல்: எனக்கு?

நாயகி: ரயில்ல போறவங்களுக்கு ரயில்ல வரும். கட்லெட்டு, சமோசா...

கர்னல்: ஏன் நாயகி, கோவமா?

நாயகி: எனக்கு என்ன கோவம்? நான் யாரு கோவப்படுகதுக்கு? உங்க மகன் கூப்பிடுகான், நீங்க போறிய. பேரன் இருக்கான், மருமவ இருக்கா, லிப்ட்டு இருக்கு...

கர்னல்: பதினோராவது மாடி. கீழ பாத்தா லே ஞாவகம் வருது. குளிரு மட்டுந்தான் இல்லே.

நாயகி: இந்தாங்க காப்பி. கருப்பட்டி போட்டது. இனி அங்க கிட்டாது.

கர்னல்: வடை?

நாயகி: ...எடுத்துக்கிடுங்க. ஒண்ணு.

கர்னல்: வழியில தின்ன எதாவது கட்டித் தருவேன்னு நெனைச்சேன். எப்பவும் ஒரு டப்பா முந்திரிக்கொத்தாவது தருவியே.

நாயகி: கட்டித் தந்தா, நானே உங்கள அனுப்பி வைக்க மாதிரில்லா இருக்கும்? அதான் தரல்லே. என்ன, காப்பியைக் கீழ வச்சிட்டிய? சூடா?

கர்னல்: இல்லே. செரியான சூடுதான்.

நாயகி: கையில என்ன அது சுருட்டி? பாயா?

கர்னல்: மரம்.

நாயகி: எது... குடும்ப மரமா?

கர்னல்: ஆமா. முடிச்சாச்சுல்லா. ஃப்ளெக்ஸ்ல அடிச்சேன். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில்ல எல்லாரும் கூடும்பம் கட்டி வைக்கணும். ஒண்ணு கோயிலுக்கு, ஒண்ணு மகனுக்கு. இது... உனக்கு.

நாயகி: ஃப்ளெக்ஸா! காதுகுத்துக்கும் சடங்குக்கும் அடிக்க மாதிரியா? நல்ல வேளை, உங்க படத்தைக் கூலிங் கிளாஸோட மேல போடல்லே.

ஜாஸ்பர்: பெனின் போடணும்னுதான் ஒத்தக்கால்ல நின்னான் அக்கா. ஃப்ளெக்ஸ் கடையில டிசைன் போடுகவன்லா. சாருக்கு நல்ல மீசை, கட் அவுட்டுக்குக் கச்சிதமா இருக்கும்னான்.

கர்னல்: ஜாஸ்பர், நீ வடையத் தின்னு.

நாயகி: இதுக்காவதானே இத்தன நாளும் அலைஞ்சிய. மனசு நெறஞ்சிருக்குமே.

கர்னல்: நெறஞ்சுது. ஒரு சுபேதார், கார்வால்க்காரன்... லேல பனி மூடிக் கெடக்க நேரத்துல எல்லாரும் கூடி இருந்து பேசிக்கிட்டு இருந்தோம். அவன் ஏழு தலைமுறைப் பேரை மடமடன்னு சொல்லிட்டு, 'சாப், உங்க தாத்தாக்கத் தாத்தா பேரு என்ன?'ன்னு கேட்டான்...

நாயகி: நீங்க முழிச்சிய.

கர்னல்: சொல்லியிருக்கேனா?

நாயகி: ஒரு பத்து வாட்டி. ஒவ்வொரு வாட்டியும் பனி ஒரு அடி கூடிக்கிட்டே வருது.

ஜாஸ்பர்: எங்கிட்ட சொல்லும்பம் கழுத்து வரைக்கும் வந்துட்டுது அக்கா!

கர்னல்: சிரிங்க, சிரிங்க. ஆனா அன்னைக்குத்தான் நெனைச்சேன். எல்லா ஊரும் போயாச்சு, எந்த ஊர்க்காரன்னு கேட்டா முழிக்கேனேன்னு. சந்திரா இருந்தாள்ல... ஒவ்வொரு குவார்ட்டர்ஸ்லயும் ஒரு கறிவேப்பிலைத் தை நடுவா. அது ஆள் ஒசரம் வாறதுக்குள்ள மாத்தல் வந்திரும். 'யாரோ ஒருத்தி பறிச்சு ரசம் வைப்பா'ன்னு சொல்லிட்டு லாரில ஏறுவா. கொறை சொல்ல மாட்டா.

நாயகி: நல்ல மனுசி. நான் பாத்ததில்லே. ஆனா நீங்க சொல்லிச் சொல்லி, எனக்குப் பக்கத்து வீட்டுக்காரி மாதிரி ஆயிட்டாவ.

கர்னல்: அவ போன பொறவுதான் மரத்துல உக்காந்தேன். சும்மா இருந்தா வீடு கடிக்கும்.

நாயகி: ம்... மொதல் நாளு வந்தது ஞாவகம் இருக்கா? ஒரு பழைய பத்திரத்தைக் கையில வச்சுக்கிட்டு, 'பத்திர ஆபீஸ்ல இருந்த அழகியநாயகி அம்மா வீடு இதானே? இந்த எழுத்து வாசிக்க ஒக்குமா?'ன்னு கேட்டிய. அட்டென்ஷன்ல நின்னிய. நான் பயந்துட்டேன், எதுவும் வாரண்டோன்னு.

கர்னல்: நீ வாசிச்சுத் தந்தே. அதுல உன் அம்மைக்க அம்மை பேரு கெடந்துது. அப்பந்தானே தெரிஞ்சுது, நம்ம ரெண்டு பேரும்...

நாயகி: செரி, விரியுங்க பாப்போம். ஜாஸ்பரு, அந்த முனையப் பிடி. காப்பிக் கையோட பிடிக்காதே.

ஜாஸ்பர்: எம்மா, என்ன நீளம்! சாரே, இது மரம் இல்லே, காடு.

நாயகி: ரெண்டு பக்கமும் மயில் வேற.

கர்னல்: அது பெனினோட சொந்தச் செலவு. நான் கேக்கல்லே.

ஜாஸ்பர்: எனக்கு ஒரு சம்சயம் சாரே. கீழ உள்ளவங்களுக்கு எல்லாம் அப்பன், மகன்னு செரியா கோடு போவுது. மேல உள்ள ஆளுகளுக்கு மகன் பேரையே காணல்லே. எல்லாம் அக்கா, தங்கச்சி, அவியளுக்க பிள்ளையள். அந்தக் காலத்துல ஆம்பிளையளுக்குப் பிள்ளை பொறக்கல்லியா?

கர்னல்: பொறந்துது, பொறந்துது. எங்க ஆளுகளுக்கு அப்பம் மருமக்கள் வழி ஜாஸ்பர். ஒருத்தன் செத்தா அவன் வயலும் தோப்பும் பெத்த மகனுக்குப் போவாது. கூடப் பொறந்த அக்கா தங்கச்சிக்க மகனுக்குத்தான் போவும். அவன்தான் மருமகன். குடும்பம்னா அது பொம்பளை வழிதான். பொறவு சட்டம் வந்துல்லா மாறிச்சு... எங்க தாத்தா காலத்துல.

ஜாஸ்பர்: அப்பம் பெத்த மவன்?

கர்னல்: அவனுக்கு அவன் மாமன் சொத்து வரும்.

ஜாஸ்பர்: மாமன் தரல்லேன்னா?

கர்னல்: கோர்ட்டு. பாதி நாஞ்சில் நாடு கோர்ட்டுலதான் கெடந்துது.

நாயகி: போதும் போதும், பழைய கதை. ஜாஸ்பரு, பழத்தை எடுத்துக்க.

கர்னல்: இதுலதான் நான் மொதல்ல தப்பு பண்ணினேன். அப்பன், அவருக்க அப்பன், அவருக்க அப்பன்னு அப்பன் வழியாவே மேல ஏறுனேன். மூணாவது அப்பனோட வழி முட்டிட்டுது. நாயகிதான், 'ஏறுகது தப்பான மரம், அம்மை வழியா ஏறுங்க'ன்னு சொன்னா. ஏறுனேன். மடமடன்னு போவுது!

நாயகி: இது நீங்க... இது உங்க அப்பா... இது அவரைப் பெத்த ஆச்சி. இங்கன இருக்கது எங்க அம்மை, அவளைப் பெத்த ஆச்சி...

கர்னல்: ரெண்டு ஆச்சியும் அக்கா தங்கச்சி மக்க. ஒரே வீட்டுப் பொம்பளைங்க. அப்பம் எங்க அப்பாவும் உன் அம்மையும் அண்ணன் தங்கச்சி முறை.

ஜாஸ்பர்: அப்பம் சாரு அக்காளுக்கு அத்தான்லா!

நாயகி: ...வடை தீந்துட்டுதா ஜாஸ்பரு?

ஜாஸ்பர்: உள்ளதத்தான் சொன்னேன் அக்கா. கோட்டைப் பிடிச்சுக்கிட்டு வந்தா அங்கதானே போயி நிக்குது?

கர்னல்: மொதல் நாளு என்னை 'அண்ணாச்சி'ன்னுதான் கூப்பிட்டா. இந்தக் கோட்டைப் போட்டுக் காட்டின அன்னையில இருந்து அதையும் காணல்லே. 'கர்னலே'ன்னு தொடங்கிட்டா. என்னமோ ரெஜிமென்ட்டுல எனக்கு மேல உள்ள ஆளு மாதிரி.

நாயகி: முறை தெரிஞ்ச பொறவு அண்ணாச்சின்னு எப்பிடிக் கூப்பிடுகது?

கர்னல்: முறையாட்டே கூப்பிடலாம்லா?

நாயகி: இந்த வயசுலயா? தெரு சிரிக்கும். இப்பமே என்ன பேசுதாவ தெரியுமா? 'பட்டாளத்துக்காரரு வாரா வாரம் தாத்தா பேரு கேக்க வாறாரு, ஒரு வீட்டுக்கு இம்புட்டுத் தாத்தா ஆவுமா'ன்னு கேக்காவ.

ஜாஸ்பர்: அக்கா, இங்கன பாருங்க. சாரு பேரு, பக்கத்துல சந்திரா அம்மா பேரு. அதுக்கு அங்கிட்டு ஒரு பெட்டி காலியா கெடக்கே?

நாயகி: ஆமா. பேரு இல்லாத பெட்டி. இது என்ன கர்னலே?

கர்னல்: அது... அது பெனின் தெரியாம விட்டது. டிசைன்ல வந்த மிச்சம்.

ஜாஸ்பர்: இல்லியே சாரே. நானும் கடையில நின்னேம்லா. 'இத எடுத்திரட்டா அங்கிளே'ன்னு அவன் கேட்டான். 'கெடந்துட்டுப் போட்டும், எடுக்காதே'ன்னு நீங்கதான சொன்னிய.

கர்னல்: ஜாஸ்பர்...

ஜாஸ்பர்: வடை தீந்துட்டுது சாரே.

கர்னல்: நேரம் ஆவுதோ?

நாயகி: இருங்க. நான் ஒண்ணு தேடுதேன்.

கர்னல்: என்ன?

நாயகி: எங்க பக்கம். தாழக்குடிக் கிளை. இதுல ஆளு கொறையுதே.

கர்னல்: கொறையாதே. ரெண்டு வாட்டி சரி பாத்தேன்.

நாயகி: மாதேவன் பிள்ளை எங்க? எங்க ஆச்சிக்கத் தாய்மாமா? அவருக்க மகன் கோலப்பன்? கொழும்புக்குக் கப்பலேறின ரெட்டைப் பிள்ளையளு? வட்டக்கோட்டையில காவலுக்கு இருந்தாரே, ஒத்தக் கண்ணு கருப்பையா பிள்ளை? வீட்டை விட்டுத் திருவட்டாறுக்கு ஓடிப்போன பேச்சியம்மை? ஒருத்தரையும் காணல்லியே!

கர்னல்: எடம் பத்தல்லே.

ஜாஸ்பர்: எடமா? ரெண்டு மயில் நிக்கே சாரே.

நாயகி: ஜாஸ்பரு, நீ கொஞ்சம் சும்மா இரு. கர்னலே, என் மொகத்தைப் பாத்துச் சொல்லுங்க. அவியள ஏன் சேக்கல்லே?

கர்னல்: ஆதாரம் இல்லாத ஆளை நான் மரத்துல ஏத்துகது இல்லே நாயகி.

நாயகி: அப்பம்... தெரியுமா?

கர்னல்: ம்.

நாயகி: நான் சும்மா இட்டுக்கட்டிச் சொன்னதுன்னு?

கர்னல்: ம்.

நாயகி: எப்பம் இருந்து?

கர்னல்: மாதேவன் பிள்ளையில இருந்தே.

நாயகி: மொதல் ஆள்ல இருந்தேயா!

ஜாஸ்பர்: நிக்கட்டும், நிக்கட்டும். அப்பம் அந்தத் திருவட்டாறுப் பேச்சியம்மை... அப்பிடி ஒரு பொம்பளையே கெடையாதா?

கர்னல்: கெடையாது.

ஜாஸ்பர்: அடப்பாவமே! அவளைத் தேடி நாலு தெருவுல ஏறி எறங்கினேனே! ஒரு வீட்டுல நாய் வேற விரட்டிச்சு! நீங்க ரெண்டு பேரும் ஆதிகேசவன் கோயில் மண்டபத்துல சொகமா இருந்து பாயசம் குடிச்சிய!

நாயகி: உனக்கும் ஒரு தூக்குல வாங்கிட்டுத்தானே வந்தேன்.

ஜாஸ்பர்: அதுக்காவ நாயைச் சும்மா விட முடியுமா?

நாயகி: கர்னலே, கெடையாதுன்னு தெரிஞ்சும் எதுக்கு அம்புட்டுத் தூரம் போனிய?

கர்னல்: 'நானும் கூட வாறேன்'னு நீ சொன்னேல்லா. வட்டக்கோட்டைக்கும் அப்பிடித்தான். ஒத்தக் கண்ணு கருப்பையா பிள்ளை நின்ன எடத்தைப் பாக்கணும்னே. கோட்டை மேல நின்னு காத்து வாங்கினோம். ஒரு பக்கம் கடலு, ஒரு பக்கம் மலை. நான் வாங்கித் தந்த உப்பு மாங்காவை நீ தின்னே. அன்னைக்குக் கருப்பையா பிள்ளை வரல்லேன்னு எனக்கு ஒரு வருத்தமும் இல்லே.

நாயகி: நான் எம்புட்டுச் சங்கடப்பட்டேன் தெரியுமா? இந்த மனுசன் எல்லாத்தையும் நம்பி எழுதிக்கிட்டு இருக்காரே, பாவம்லான்னு...

கர்னல்: எழுதல்லே. எழுத மாதிரி நடிச்சேன்.

நாயகி: ஹரிதா மஸ்கட்ல இருந்து ஃபோன்ல திட்டுனா. 'அம்மா, கர்னல் பெரியப்பா வந்துட்டுப் போன அன்னைக்கு ஒன் சத்தமே வேறயா இருக்கு. அது எனக்கு சந்தோசம். ஆனா நல்ல மனுசனைப் பொய் சொல்லி வரவழைக்காதே. வரணும்னா வாங்கன்னு சொல்லு'ன்னு சொன்னா. அதாக்கும் போன வாரம் நான்...

கர்னல்: 'இனி சொல்லதுக்கு ஆளு இல்லே'ன்னு சொன்னே.

நாயகி: ஆமா. இனி பொய் சொல்ல வேண்டாம்னு.

கர்னல்: நான், இனி வரவேண்டாம்னு சொல்லுதேன்னு நெனைச்சேன்.

நாயகி: ஐயே...

கர்னல்: கதவு வரைக்கும் வந்து நின்னே. 'மரம் முடிஞ்சுதுல்லா, இனி மகன்ட்ட போலாமே'ன்னு கேட்டே. நான் வீட்டுக்குப் போயி அன்னைக்கே பிரதீஷுக்கு ஃபோன் போட்டேன். மரம் முடிஞ்சா வாறேன்னு அவனுக்கு வாக்குக் குடுத்திருந்தேம்லா.

நாயகி: நான் அத எதுக்குக் கேட்டேன்? 'போவல்லே'ன்னு நீங்க சொல்லுவியன்னு கேட்டேன்! நீங்க 'யெஸ்'னு சொல்லிட்டுப் பட்டாளத்துக்காரன் மாதிரித் திரும்பி நடந்துட்டிய. அன்னையில இருந்து எனக்கு ஒறக்கம் இல்லே. மரத்துக்காவத்தான் வந்திருக்காரு, நாந்தான் கிறுக்கச்சின்னு...

கர்னல்: மரத்துக்காவ வாறவன் வட்டக்கோட்டையில உனக்கு உப்பு மாங்கா வாங்கித் தருவானா?

ஜாஸ்பர்: சாரே, நானும் ஒரு உண்மை சொல்லட்டா? இங்க வாற அன்னைக்கு மட்டும் சாரு வண்டிக் கண்ணாடியில மீசை பாப்பாரு. கலெக்டர் ஆபீஸுக்குப் போனாக்கூடப் பாக்க மாட்டாரு.

நாயகி: நீ இன்னும் போகல்லியா?

ஜாஸ்பர்: எங்க போக? ஃப்ளெக்ஸைப் பிடிக்கச் சொன்னியளே, கை வலிக்கு.

நாயகி: கீழ வையி. கர்னலே... நாளைக்கு உளுந்தங்கஞ்சி வைக்கலாம்னு நெனைச்சிருக்கேன். வெள்ளைப் பூண்டும் தேங்காயும் போட்டு. ஒரு ஆளுக்கு வைக்க எனக்குத் தெரியாது. எங்க வீட்டுக்காரரு போன பொறவும் ரெண்டு ஆளுக்குத்தான் அளவு கை வருது.

கர்னல்: நாளைக்கா?

நாயகி: நாளைக்கு. அடுத்த வாரமும் வைப்பேன். தாத்தா பேரு கேக்க வரவேண்டாம். சும்மா வாங்க.

கர்னல்: ...

நாயகி: என்ன, பேச்சைக் காணோம்? ரேடியோ கட்டாச்சா?

கர்னல்: ஜாஸ்பர்.

ஜாஸ்பர்: சாரே?

கர்னல்: பெட்டியைக் கீழ எறக்கு.

ஜாஸ்பர்: இங்கனயா?

நாயகி: இங்கன இல்லே! ஏலே, தெரு பாக்கும். சுசீந்திரத்துல கொண்டு போயி எறக்கு.

கர்னல்: ஆமா, ஆமா, சுசீந்திரத்துல. நான் சொன்னது... ஒரு ஆர்டராச் சொன்னேன்.

ஜாஸ்பர்: ஏத்தும்பமே நெனைச்சேன் சாரே, போற ஊர் பேரு எழுதாத பெட்டி எங்க போயிச் சேரும்னு.

நாயகி: மகனுக்கு என்ன சொல்லுவிய?

கர்னல்: இப்பமே சொல்லிருதேன். இரு... பிரதீஷ், அப்பாதான். இல்லப்பா, ஸ்டேஷன்ல இல்லே. தாழக்குடியில... ஆமா, அங்கதான். நான் இப்பம் வரல்லே மக்கா. லீவுக்கு வாறேன், பேரன்ட்ட சொல்லு... மரமா? இல்லே, முடியல்லே. ஒரு பெட்டி பாக்கி கெடக்கு... என்னது? ஏலே, சிரிக்காதே. செரி செரி, சொல்லுதேன். வையி.

நாயகி: என்ன சொன்னான்? கோவமா?

கர்னல்: சிரிக்கான். 'எனக்கு அப்பமே தெரியும்ப்பா, எல்லாக் கிளையும் நின்னு போச்சு, தாழக்குடிக் கிளை மட்டும் வாரா வாரம் தழைக்கேன்னு நானும் என் பொண்டாட்டியும் பேசிக்கிடுவோம்'னு சொல்லுதான். உன்னை விசாரிச்சான்.

நாயகி: என்னான்னு?

கர்னல்: 'சித்தி நல்லா இருக்காவளா'ன்னு.

நாயகி: சித்தியா! நான் பெத்தது பெரியப்பான்னு சொல்லுது, நீங்க பெத்தது சித்தின்னு சொல்லுது. இதுகளுக்கு மட்டும் முறை எப்பிடித் தெரிஞ்சுது?

கர்னல்: மரத்தை வாட்ஸப்புல அனுப்பினேம்லா.

ஜாஸ்பர்: அப்பம் நான் வண்டியில இருக்கேன் சாரே. நீங்க பைய வாங்க. அவசரம் இல்லே, இன்னைக்கு ரயிலும் இல்லே.

நாயகி: ஜாஸ்பரு, அடுக்களையில ஒரு டப்பா முந்திரிக்கொத்து இருக்கு. ஒனக்கு எடுத்துக்க.

கர்னல்: செஞ்சு வச்சிருந்தியா! கட்டித் தரல்லேன்னே?

நாயகி: செஞ்சேன். தரத்தான் மனசு வரல்லே.

கர்னல்: கள்ளி.

நாயகி: அது கெடக்கட்டும். எப்பிடிக் கண்டுபிடிச்சியன்னு இன்னும் சொல்லல்லியே. மொதல் ஆளுலயே பொய்னு எப்பிடித் தெரிஞ்சுது?

கர்னல்: அதுவா... சொன்னா வருத்தப்படக் கூடாது.

நாயகி: இல்லே, சொல்லுங்க.

கர்னல்: மாதேவன் பிள்ளையப் பத்தி நீ என்ன சொன்னே? நல்லா ஞாவகப்படுத்திப் பாரு.

நாயகி: எங்க ஆச்சிக்க காலத்துக்கும் முந்தின ஆளு, தேரூர்ப் பத்துல வயலு, ஆத்துக்கரையில தோப்பு, எல்லாத்தையும் சாவும்பம் பெத்த மகன் கோலப்பனுக்கு விட்டுட்டுப் போனாருன்னு.

கர்னல்: பெத்த மகனுக்கு! அந்தக் காலத்துல எந்த அப்பன் சொத்து மகனுக்குப் போச்சு? தங்கச்சி மகனுக்குல்லா போவும்! இப்பம் ஜாஸ்பருக்கே தெரியும் அது. நீ அன்னைக்கு ரொம்ப விஸ்தாரமாச் சொல்லிக்கிட்டே வந்தே, அந்த ஒரு எடத்துல வசமா மாட்டிக்கிட்டே. நான் ஒண்ணும் காட்டிக்கிடாம தலையாட்டிட்டு, 'அடுத்த வாரம் மிச்சத்தைக் கேக்க வாறேன்'னு எழும்பிட்டேன். எதிராளிக்கத் தப்பைக் கண்டா ஒடனே காட்டிக்கிடக் கூடாது, அது எங்க பட்டாளத்துப் படிப்பு. என்ன, முழிக்கே? பொய் சொன்னாலும் கணக்கா சொல்லணும் நாயகி.

நாயகி: அன்னைக்கு நீங்க தலையாட்டினதப் பாத்து, தப்பு உங்க கண்ணுல படவே இல்லேன்னுல்லா நெனைச்சேன்! பத்திர ஆபீஸ்ல அந்தக் காலத்துப் பத்திரமா வாசிச்சு வாசிச்சே தலை நரைச்சவ நான்... சொத்து யாருக்குப் போவும்னு எனக்குத் தெரியாமலா சொல்லியிருப்பேன், அத்தான்?